'யூ' என்றால் நீயோ, நீங்களோ?

யாழ்ப்பாணத்தில் இங்கிலீஷ் படிப்பிக்கிற ஆளுக்கு ஊரெல்லாம் மரியாதை, ஆனால் அந்த ஆள் தூரத்தில் வருவது தெரிந்தால் ஊரெல்லாம் மற்ற ஒழுங்கையால் திரும்பிப் போய்விடும். எங்கே நான் மறித்துவைத்து 'ஹவ் ஆர் யூ' என்று கேட்டுவிடுவேனோ என்று பயம். கல்யாண வீட்டில்கூட எனக்குப் பக்கத்துக் கதிரை கடைசிவரை காலியாகத்தான் இருக்கும்.

கொடிகாமத்தில் எங்கள் வீட்டுப் பின்வளவில் தகரம் போட்ட ஒரு கொட்டில். சனி, ஞாயிறு காலைகளில் அங்கேதான் பெரியவர்களுக்குப் பேச்சு ஆங்கிலம் படிப்பிக்கிறேன். சந்தை வியாபாரியும் பென்சன்காரரும் வெளிநாட்டு மாப்பிள்ளை எடுத்த பெண்களும் ஒரே மர வாங்கில் இருப்பார்கள். இந்தத் தொழிலில் என்னைப் போலத் தொண்டை வறளக் கத்துகிறவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் நம்பமாட்டார்கள்.

தமிழுக்குத் தடை

எங்கோ ஒரு பயிற்சிப் பட்டறையில் கேட்டுவிட்டு வந்து, வகுப்புக்குள் ஒருவரும் தமிழில் கதைக்கக்கூடாது என்று சட்டம் போட்டேன். அதுவரை பொங்கலுக்கு முதல்நாள் சந்தை மாதிரி இருந்த கொட்டில், அந்த நிமிடமே செத்தவீடு மாதிரி ஆகிவிட்டது. சட்டம் வேலை செய்கிறது என்ற சந்தோசத்தில் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதத் தொடங்கினேன்.

பின்னால் சிவலிங்கம் அண்ணையின் குரல் கேட்டது. கொடிகாமம் சந்தையில் மரக்கறி மொத்த வியாபாரம் செய்கிறவர். அவர் விலை கூறினால் ஏ-ஒன்பது வீதியில் போகிற பஸ்சுக்குள்ளும் கேட்கும். அப்படிப்பட்ட மனிசன் "ரீச்சர்... ரீச்சர்..." என்று ஈனக்குரலில் கூப்பிடுகிறார். கூச்சம் என்று நினைத்து, திரும்பிப் பாராமலே, "யெஸ், ஃபுல் சென்டென்ஸ் ப்ளீஸ்!" என்று உற்சாகம் கொடுத்தேன். மறுபடி "ரீச்சர்..." என்றார். "ட்ரை! ட்ரை!" என்றேன். அதற்குப் பிறகு ஒரு பெரிய பெருமூச்சு மட்டும் கேட்டது.

எழுதி முடித்துத் திரும்பினால், பக்கத்து வீட்டு ஆடு கதிரையில் இருந்த என் பைக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்கிறது. அன்றைக்குக் கொடுக்க வைத்திருந்த பயிற்சித்தாள் முழுவதும் போய், கடைசித் தாளின் ஒரு மூலை மட்டும் அதன் வாயில் ஆடிக்கொண்டிருந்தது. வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறது. சட்டத்தை நானே மீறி, ஏன் ஒருவரும் சொல்லவில்லை என்று தமிழில் கத்தினேன்.

சிவலிங்கம் அண்ணை எழும்பி நின்று சொன்னார்: "கோட் எண்டது தெரியும் ரீச்சர். ஈற்றிங் எண்டுறதோ, ஏற் எண்டுறதோ எண்டுதான் பிடிபடேல்லை. நான் யோசிச்சு முடிக்கிறதுக்கிடையிலை அது ரென்ஸை மாத்திப்போட்டுது."

தக்காளி விண்ணப்பம்

கந்தையா ஐயா அரசாங்கக் கந்தோர் ஒன்றில் பிரதம லிகிதராக இருந்து இளைப்பாறியவர். வாழ்நாள் முழுக்க ஆங்கிலத்தில் கடிதம் எழுதியவர், ஆனால் ஒருநாளும் ஆங்கிலத்தில் வாய் திறந்ததில்லை. அவருடைய எழுத்தில் பிழை பிடிக்க எனக்குத் துணிவு இல்லை. என் பிழையைப் பிடிக்க அவருக்கு நிறையத் துணிவு இருந்தது.

ஒருநாள் கடையில் சாமான் வாங்குகிற மாதிரி நடிக்கச் சொன்னேன். சிவலிங்கம் அண்ணை வியாபாரி, கந்தையா ஐயா வாடிக்கையாளர். வியாபாரிக்கு நடிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தயாராக நின்றார். ஐயா தொண்டையைச் செருமி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மேலதிகாரிக்கு எழுதுகிற பணிவோடு தொடங்கினார்: "சேர், ஐ பெக் டு இன்ஃபோர்ம் யூ தட் ஐ ஆம் இன் நீட் ஒஃப் ரொமாட்டோஸ்." சிவலிங்கம் அண்ணை கையை நீட்டித் தக்காளியை எடுக்கப் போனார். ஐயா விடவில்லை. இவ்விடயத்தில் தங்களின் துரித கவனத்தைப் பெரிதும் வரவேற்பேன் என்கிற கருத்தில் இன்னொரு நீண்ட வசனம் வந்தது. அதற்குப் பிறகு, இதன் பிரதி இன்னாருக்கு அனுப்பப்படுகிறது என்று இன்னொன்று.

இல்லாத தராசைக் கீழே வைத்துவிட்டு, சட்டத்தையும் மறந்து, சிவலிங்கம் அண்ணை கேட்டார்: "ஐயா, உங்களுக்கு இப்ப வேணுமெண்டது தக்காளியோ, இடமாற்றமோ?"

லண்டன் சோதினை

வதனி உடுப்பிட்டியிலிருந்து பஸ் மாறி மாறி வந்து படித்தவள். கல்யாண எழுத்துப்பதிவு முடிந்து, கணவன் லண்டனில். விசாவுக்கு ஆங்கிலப் பேச்சுச் சோதினை பாஸ் பண்ணவேண்டும். ஒருமுறை போய்த் தவறிவிட்டாள். கேள்வி விளங்கியது, மறுமொழியும் தெரிந்தது, வாய்தான் திறக்கவில்லை என்று சொல்லி என் குசினியில் இருந்து அழுதாள். மாமியார் வீட்டில் ஏற்கெனவே முணுமுணுப்புத் தொடங்கிவிட்டதாம். இரண்டாந்தரமும் தவறினால் என்னென்ன கதை வரும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் அவளைப் பிழிந்து எடுத்தேன். இலக்கணத்தில் மூச்சுவிடக்கூட விடவில்லை.

சோதினை கிட்டிய ஒரு ஞாயிறு, வகுப்பு இடைவேளையில் மாப்பிள்ளை வீடியோவில் வந்தார். "ரீச்சர், நான் ஒருக்கா இவவை ரெஸ்ற் பண்ணிப் பாக்கிறன்" என்றார். வகுப்பு முழுக்கப் போனைச் சுற்றி வளைத்துக்கொண்டது. அவர் கதிரையில் நிமிர்ந்து இருந்து கேட்டார்: "வட் யூ டிட் யெஸ்டர்டே?" வதனி ஒரு கணம் யோசித்தாள். பிறகு மிகப் பணிவாக, "டூ யூ மீன், வட் டிட் யூ டூ யெஸ்டர்டே?" என்றாள். மாப்பிள்ளை இருமினார். "மை மதர் டோன்ட் லைக் லேற்" என்று அடுத்ததைத் தொடங்கினார். "டஸின்ற்," என்றாள் வதனி, இன்னும் பணிவாக. கந்தையா ஐயா தலையாட்டி அங்கீகரித்தார். சிவலிங்கம் அண்ணை சால்வையை வாய்க்குள் திணித்துக்கொண்டு வேலியடிக்கு ஓடினார். வாய் திறக்காத பிள்ளை திறந்துவிட்டதே என்று எனக்கு உச்சி குளிர்ந்தது. விசாச் சோதினையை அவள் சிரித்துக்கொண்டே பாஸ் பண்ணினாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் அன்றைக்கு மாப்பிள்ளை போனை என்னிடம் கொடுக்கச் சொல்லி, குரலைத் தாழ்த்தி வைத்த வேண்டுகோள் இது: "ரீச்சர், பாஸ் பண்ணுற அளவுக்குப் படிப்பிச்சாக் காணும். அதுக்கு மேலை வேண்டாம், நான் இவவோடை கனகாலம் சீவிக்க வேணும்."

அவுஸ்திரேலியப் பிள்ளை

எம்மா என்று ஓர் அவுஸ்திரேலியப் பிள்ளை, இலவசமாகப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறேன் என்று வந்து எங்கள் வீட்டிலேயே தங்கினாள். பிறவி ஆங்கிலம் பேசுகிற ஒருத்தி கிடைத்தால் எங்கள் ஆட்களின் நாக்கு தானாகப் புரளும் என்று நம்பினேன். முதல் நாள் அவள் கேட்ட எல்லாக் கேள்விக்கும் வகுப்பு சிரித்தது. இரண்டாம் நாள் சிரித்துக்கொண்டு கறுத்தக்கொழும்பான் மாம்பழம் கொடுத்தது. நான் பின்னால் இருப்பதால்தான் வெட்கப்படுகிறார்கள் என்று நினைத்து, அடுத்த கிழமையிலிருந்து வகுப்பை அவளிடம் விட்டுவிட்டுக் குசினிக்குப் போய்விட்டேன்.

மருந்து மாதிரி வேலை செய்தது. கொட்டிலில் இருந்து ஒரே சிரிப்பும் கூத்தும். கந்தையா ஐயாவின் சிரிப்பை நான் அன்றைக்குத்தான் முதன்முதல் கேட்டேன். என் திட்டத்தை நானே மெச்சிக்கொண்டு தேங்காய் துருவினேன். எனக்கு விசயம் விளங்கியது சந்தையில்தான். கத்தரிக்காய்க் கடைக்கு முன்னால் எம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "என்ன அண்ணை, பகிடியோ? நேற்று உந்த விலை இல்லையே!" என்று கேட்டுக்கொண்டு நிற்கிறாள். பக்கத்தில் சிவலிங்கம் அண்ணை, பரிசளிப்பு விழாவுக்கு வந்த தகப்பன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

அவள் போகிற நாளில், பிரிவுரை ஆங்கிலத்தில்தான் இருக்கும் என்று நம்பிக் கடைசியாக ஒருமுறை காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். அவள் என் கையைப் பிடித்துச் சொன்னாள்: "அக்கா, உங்கடை ஆக்கள் நல்லாப் படிப்பிக்கினம். நான்தான் ஒண்டும் படிப்பிக்கேல்லை. போட்டு வாறன்."

ஒரு வசனம் மட்டும்

சந்தையில் ஆங்கிலம் ஒரு பூசணிக்காய்க்கும் உதவாது. பிறகு ஏன் சிவலிங்கம் அண்ணை ஒரு வகுப்பும் தவறாமல் வருகிறார் என்று எனக்கு நெடுநாள் புதிர். ஒருநாள் எல்லாரும் போனபிறகு அவராகவே சொன்னார். கனடாவுக்குப் படிக்கப் போன மகள் மாலினி, அங்கே ஒரு வெள்ளைக்காரனைக் கேட்காமல் கொள்ளாமல் கட்டிக்கொண்டுவிட்டாள். அன்றிலிருந்து அவர் மகளோடு கதைக்கவில்லை. போன் வந்தால் மனிசியிடம் கொடுத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விடுவார். இப்போது இருவரும் ஊருக்கு வருகிறார்களாம். அவனுடைய முகத்துக்கு நேரே ஒரு வசனம் கேட்கவேண்டும். அதற்காகத்தான் இந்தப் படிப்பு முழுவதும்.

'என்னைக் கேளாமல் என்ரை மகளைக் கட்டினனீ' என்பது அந்த வசனம். ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன்: "யூ மரீட் மை டோட்டர் விதவுட் ஆஸ்கிங் மீ." நாலைந்து தரம் சொல்லிப் பார்த்தார். நன்றாகத்தான் வந்தது. பிறகு சந்தேகம் வந்தது. இந்த 'யூ' என்றால் நீயா, நீங்களா? இரண்டும்தான் என்றேன். அப்படியென்றால் நாயையும் யூ, கோயில் ஐயரையும் யூவா? ஓம் என்றேன். மருமகனையும்? மருமகனையும்தான். தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

கடைசியில் எழும்பிப் போகும்போது சொன்னார்: "எதிரை நிக்கிறவனுக்கு மரியாதை குடுக்கிறனோ இல்லையோ எண்டு எனக்கே தெரியாத பாஷையிலை, நான் எப்பிடி ரீச்சர் சண்டை பிடிக்கிறது?"

மருமகனுக்குச் சாப்பாடு

மகளும் மருமகனும் வந்து இறங்கிய மறுநாள் மத்தியானம் சிவலிங்கம் அண்ணை என்னையும் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். பிழை விட்டால் பக்கத்தில் நின்று திருத்த வேண்டுமாம். சாப்பாட்டு ஆசையில் போனேன் என்று யாரும் நினைக்கவேண்டாம், கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு என்று தெரிந்த பிறகுதான் கொஞ்சம் ஆசை வந்தது.

மருமகன் பீற்றர் நல்ல உயரம். வேட்டிக்கு மேலே பெல்ற் கட்டி, பாயில் காலை எந்தப் பக்கம் மடக்குவது என்று தெரியாமல், வெயிலில் சிவந்துபோய் இருந்தான். மாலினி குசினி வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வந்ததிலிருந்து தகப்பன் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. பீற்றர், ஏதோ அவரைக்காய் என்று நினைத்திருக்கவேண்டும், ஒரு மோர்மிளகாயை முழுதாகக் கடித்துவிட்டான். கண்ணால் தண்ணீர் ஓடுகிறது. ஆனால் துப்பவும் இல்லை, சோற்றுக் கோப்பையை விட்டு எழும்பவும் இல்லை. விழுங்கிவிட்டான்.

அந்த நேரம் பார்த்துத்தான் சிவலிங்கம் அண்ணை எழும்பி அவனுக்கு முன்னால் போய் நின்றார். சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "யூ..." என்றார். பீற்றர் சோற்றிலிருந்து கையை எடுத்தான். "யெஸ், மாமா." அந்த ஒரு சொல்லை மட்டும் மாலினி பழக்கிவிட்டிருந்தாள். "யூ..." என்றார் மறுபடியும். நான் வாயசைத்து 'மரீட்' என்று காட்டினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, அவனுடைய கண்ணிலிருந்து வழிந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார்: "வுட் யூ லைக் சம் மோர் சொதி?"

விருந்தினரை உபசரிப்பது எப்படி என்று போனகிழமை படிப்பித்த பாடம் அது. மோர்மிளகாய் கடித்த வாய்க்குத் தேங்காய்ப்பால் சொதியைவிட வேறென்ன மருந்து இருக்கிறது? "யெஸ் ப்ளீஸ், மாமா!" என்று பீற்றர் கோப்பையை இரண்டு கையாலும் நீட்டினான். சிவலிங்கம் அண்ணை கரண்டியை மனிசியிடமிருந்து வாங்கித் தானே ஊற்றினார். பிறகு குசினிப் பக்கம் திரும்பி, "ஏன் பிள்ளை நிக்கிறாய்? நீயும் வந்திருந்து சாப்பிடன்" என்றார். அவ்வளவுதான். மாலினி விக்கி விக்கி அழுததில் தாய்க்காரி, சோற்றுப் பானைக்குள் கண்ணீர் விழுகிறதென்று அவளை ஏசி ஏசித் தானும் அழுதார்.

என்னை வாசல் படலைவரை கொண்டுவந்துவிட்டபோது, வசனம் பிசகாமல் வந்தது அண்ணை, ஆனால் நாங்கள் பாடமாக்கினது அது இல்லையே என்றேன். முகத்தில் வெட்கமும் பெருமையும் ஒன்றாய் வர, அவர் சொன்னார்: "பாடம் மாறி வந்திட்டுதுதான் ரீச்சர். ஆனாக் கண்டனீங்களே, வெள்ளைக்காரனுக்கு நான் சொன்னது விளங்கினது!"

ஒன்றைச் சொல்லவேண்டும் என்று வந்து படித்துவிட்டு, வாய் திறக்கிற நேரத்தில் வேறொன்றைச் சொல்லிவிட்டு, அது பலித்ததற்கும் எனக்கே நன்றி சொல்கிற இந்த நல்ல சனங்களிடம் அதில் என் பங்கு ஒன்றுமில்லை என்ற உண்மையைச் சொல்லும் அளவுக்கு இங்கிலீஷோ தமிழோ எனக்கு இன்னும் வரவில்லை.