பத்தே போன், பத்தாவது ஆள் நான்

குரோம்பேட்டை ஜிஎஸ்டி ரோடு கடை வாசலில் இன்று காலை ஆயிரம் பேர். விலை குறைந்த அந்தப் புது போன் வந்திருப்பதோ பத்தே பீஸ். மகளுக்கு நாளை வீடியோ இன்டர்வியூ, அவள் போன் செத்துவிட்டது.

வரிசையில் நான் பத்தாவது. திடீரென்று தள்ளுமுள்ளு.

நான் போட்ட அதட்டலில் தாம்பரம் ஸ்டேஷனே அடங்கியிருக்கும்! பேப்பர் வாங்கி, வரிசைப்படி எல்லார் பெயரையும் எழுதிக் கடைக்காரரிடம் கொடுத்தேன்.

ஒன்பது பேர் வாங்கிவிட்டார்கள். பத்தாவதாக, எனக்குப் பின்னால் நின்ற அக்காவைக் கூப்பிட்டார் கடைக்காரர்.

"நான்தானே அடுத்து?"

"உங்க பேரு லிஸ்ட்லயே இல்ல சார்."

"லிஸ்ட்ட எழுதினதே நான்தான்யா!"

அக்கா கடைசி டப்பாவை வாங்கிக்கொண்டு, "கையெழுத்து சூப்பரா கீதுண்ணா" என்றார்.

நாளை மகள் என் போனில்தான் இன்டர்வியூ பேசப்போகிறாள். கமெண்டில் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள், போன் மட்டும் பண்ணிவிடாதீர்கள்.