காத்தாயியின் நாற்பத்தெட்டு எண்கள்

அரியலூர் - ஜெயங்கொண்டம் சாலையில், முன்பு லாரி உதிரிபாகக் கடையாக இருந்த தகரக் கொட்டகைக்குள் நாற்பத்தெட்டு போர்டுகள் ஓடுகின்றன. கிரிப்டோ நாணயத்துக்காக ஓயாமல் கணக்குப் போடும் போர்டுகள். ஒவ்வொன்றிலும் எஃப்.பி.ஜி.ஏ. என்ற சிப் இருக்கிறது. அது என்ன வேலை செய்ய வேண்டும் என்பதை நாமே எழுதி ஏற்றலாம். எவ்வளவு வேகமாகச் செய்ய வேண்டும் என்பதைச் சொல்வது துடிப்பு எண். அதை அளவுக்கு மீறிக் கூட்டினால், ஒரு கணக்கு முடிவதற்குள் அடுத்த துடிப்பு வந்துவிடும். போர்டு நிற்காது, சத்தம் போடாது. தப்பான விடையை அனுப்பிக்கொண்டே இருக்கும். சூடு ஏறினால் சிப் இன்னும் மெதுவாகும். போர்டுக்குப் போர்டு தாங்கும் எண் வேறு.

அந்த நாற்பத்தெட்டு எண்களையும் கண்டுபிடித்தவர் காத்தாயி.

ரெட்டிபாளையத்துக்காரர், வயது நாற்பத்தொன்று. அப்பா சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் லோடு ஏற்றியவர். காத்தாயி பத்தாம் வகுப்போடு நின்று, ஒரு சிமெண்ட் ஆலையின் கருவி அறையில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்தார். ஆலை இயந்திரங்களின் கன்ட்ரோல் கார்டுகளில் படியும் தூசியைப் புளோயரால் ஊதுவதுதான் வேலை. பதினோரு வருடம் ஊதினார். ஊதியபடியே மெக்கானிக்குகளின் கையைப் பார்த்தார். கழித்துப்போட்ட கார்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரித்தார். எஃப்.பி.ஜி.ஏ.வைப் போனில் வீடியோ பார்த்துப் படித்தார். ஒரே வீடியோவை இருபது தடவை பார்த்ததும் உண்டு.

அந்தக் கருவி அறையில் ஒரு பழக்கம் இருந்தது. சுத்தம் செய்த கார்டை அன்றைக்கே அளக்க மாட்டார்கள். மூன்று நாள் தூசியில் ஓடவிட்டு, நான்காம் நாள் மத்தியானம் இரண்டு மணிக்கு அளப்பார்கள். அந்தக் கார்டு பிழைக்கப்போவது தூசியிலும் சூட்டிலும்தானே.

கொட்டகை முதலாளி அரங்கநாதன் அவரை வேலைக்கு வைத்தபோது, காத்தாயி போர்டுகளையும் அப்படியே அளந்தார். தை பிறந்து ஆரம்பித்தது, பங்குனியில்தான் முடிந்தது. ஒவ்வொரு எண்ணையும் காகித டேப்பில் எழுதி அந்தந்தப் போர்டின் மேல் ஒட்டினார்.

பங்குனிக் கடைசியில் அரங்கநாதனுடைய மனைவியின் தம்பி செந்தில்குமார் வந்தான். இன்ஜினியரிங் முடித்தவன். முதல் இரண்டு வாரம், "அக்கா, இது எப்புடிக்கா?" என்று பின்னாலேயே சுற்றினான். காத்தாயி எதையும் மறைக்கவில்லை.

அப்போதுதான், இங்கே பிழையில்லாமல் ஓடுவதைக் கேள்விப்பட்டு, ஓசூரிலிருந்து வேல்முருகன் என்பவர் அரங்கநாதனுக்குப் போன் செய்தார். அவரிடம் இருநூறு போர்டுகள் இருந்தன. சித்திரைக் கடைசியில் நேரில் வந்து பார்ப்பதாகவும், இங்கே துடிப்பு எண் வைத்த ஆள் யாரோ அவரையே தன் கொட்டகைக்குப் பொறுப்பாளராக எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார்.

மறுநாள் காலை ஒரு போர்டிலும் டேப் இல்லை.

"டேப்பெல்லாம் எங்க சார்?" என்று காத்தாயி செந்தில்குமாரிடம் கேட்டார்.

"கிழிச்சு எரிச்சுட்டேன். மளிகைக்கடை டப்பா மாதிரி ஒட்டி வச்சிருந்த. எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கு." அக்கா போய் ஒருமை வந்திருந்தது.

அரங்கநாதனிடம் போனார். அவர் செல்போனிலிருந்து தலையை எடுக்கவில்லை. "மச்சான் படிச்சவன், காத்தாயி. வர்றவருகிட்ட அவன் செஞ்சதாவே இருக்கட்டும். நீ தூசி வேலையப் பாத்துக்க."

ஓசூர் வேலையைத் திரும்பப் பெற வேண்டும் என்று காத்தாயி நினைத்தார். அதைவிட, செந்தில்குமார் தன் வாயாலேயே மாட்ட வேண்டும் என்று நினைத்தார். இரண்டாவது நினைப்புதான் அவரைத் தினமும் வேலைக்கு வரவைத்தது.

வேல்முருகன் வருவது வியாழக்கிழமை என்று முடிவானது. "காலையிலயே எல்லாத்தையும் பளபளன்னு ஊதி வையி. வர்றவருக்கு வேகத்தக் கூட்டிக் காட்டணும்" என்றான் செந்தில்குமார்.

"சரிங்க சார்."

ஐந்தரைக்கே வந்து ஊதினார். பதினோரு வருடத்தில் எந்தக் கார்டையும் அப்படி ஊதியதில்லை. ஒரு பொட்டுத் தூசி இல்லை. ஷட்டர்களை முழுக்கத் தூக்கிவிட்டார். காலைக்காற்று உள்ளே வந்தது. ஆறு மணிக்குச் செந்தில்குமார் நாற்பத்தெட்டுக்கும் ஒரே எண்ணை, நானூற்றைம்பதை வைத்தான். பிழை ஒன்றுகூட வரவில்லை.

"பாத்தியா? நீ பயந்து பயந்து நானூறு, நானூத்திப் பத்துன்னு வச்சிருந்த."

"ஆமாங்க சார். எனக்கு அவ்வளவுதான் தெரியும்."

பதினொரு மணிக்குச் சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசைகட்டின. தூசி உள்ளே வராமலிருக்கத் தினமும் செய்வதுபோல் காத்தாயி ஷட்டர்களை இறக்கினார். தகரம் காய ஆரம்பித்தது.

வேல்முருகன் ரயிலில் இறங்கிக் கொட்டகைக்கு வந்தபோது மணி ஒன்றே முக்கால்.

"செட்டிங் யாரு வச்சது?"

"நான்தான் சார். மூணு மாசம் உக்காந்து, ஒவ்வொரு போர்டா."

வேல்முருகன் திரையில் வேகத்தைப் பார்க்கவில்லை. ஏற்கப்படாத விடைகளின் வரிசையைப் பார்த்தார். நூற்றுக்கு முப்பது.

"ஒவ்வொரு போர்டான்னா, ஏன் எல்லாத்துக்கும் நானூத்தம்பது? எத்தன மணிக்கு டெஸ்ட் பண்ணீங்க?"

"ஆறு மணிக்கு சார்."

"சாயங்காலமா?"

"காலையில சார்."

வேல்முருகன் சத்தம்போட்டுச் சிரித்தார். அரங்கநாதன் மச்சான் பக்கம் திரும்பினார். "டேய், பழச போடுடா."

"அது மேலயே சேவ் பண்ணிட்டேன் மாமா."

"காத்தாயி, உனக்கு ஞாபகம் இருக்கா?"

"நான் தூசி ஊதுறவ, மொதலாளி."

கையில் புளோயரோடு நின்றுகொண்டிருந்தார். நூற்றுக்கு முப்பது நாற்பதாகி, நாற்பத்தேழும் ஆனது. செந்தில்குமாரின் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. காத்தாயி கண்ணை எடுக்காமல் பார்த்தார்.

வேல்முருகன்தான் கேட்டார். "உங்களுக்குத் தெரியுமாம்மா? பதினேழாம் நம்பர் போர்டு எவ்வளவு?"

"முந்நூத்தித் தொண்ணூத்தாறு சார். அதோட பின்பக்க ஃபேன் மெதுவா சுத்தும்."

"முப்பது?"

"நானூத்தி இருபத்தொண்ணு."

இரண்டையும் வேல்முருகனே போட்டுப் பார்த்தார். பத்து நிமிடத்தில் அந்த இரண்டு போர்டிலும் பிழை நின்றது.

"ஓசூருக்கு எப்ப வர்றீங்க?"

"திங்கக்கிழம வரேன் சார். இங்க ஒரு வேல கிடக்கு, முடிச்சிட்டு வரேன்."

அவர் போனதும் அரங்கநாதன் குரல் இறங்கியது. "மத்த நம்பரையும் சொல்லிடும்மா."

"சொல்றேன். மச்சான் எழுதட்டும். டேப்புல எழுதி, ஒவ்வொரு போர்டுலயும் ஒட்டட்டும். இப்பவே. ஷட்டர் எறங்கியே இருக்கட்டும்."

செந்தில்குமார் எழுதினான். காத்தாயி நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார், ஒன்றைக்கூடத் தப்பாகச் சொல்லவில்லை. முதல் டேப்பை அவன் ஒட்டப்போனபோது நிறுத்தினார்.

"நம்பருக்குக் கீழ காத்தாயின்னு எழுதுங்க சார்."

"எல்லாத்துலயுமா?"

"நாப்பத்தெட்டுலயும்."

இருபத்தாறாவது போர்டில் டேப் தீர்ந்துபோனது. விட்டது தொல்லை என்று செந்தில்குமார் பேனாவை மூடினான். காத்தாயி தன் பையைத் திறந்து ஒரு புது உருளையை எடுத்து நீட்டினார். அதை அவர் முந்தின நாளே வாங்கிவைத்திருந்தார்.