அரிசிப் பெட்டிக்குள் பல்லி

அந்த வானொலிப் பெட்டியை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் எங்கள் வீட்டுக்கு அது வந்ததே தப்பு. ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் என் கணவரின் துரை சிங்கப்பூர் பக்கம் ஓடினார். ஓடுகிறவர் சும்மா ஓடவில்லை. "பத்திரமாக வைத்திரு, திரும்பி வந்து வாங்கிக்கொள்கிறேன்" என்று தன் வானொலியை இவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். தேக்கு அலமாரி மாதிரி பெட்டி. உள்ளே கத்தரிக்காய் அளவுக்குக் கண்ணாடி வால்வுகள். துரைமார் பங்களாவைத் தவிர வேறெங்கும் அப்படியொன்றை நான் பார்த்ததில்லை.

ஜப்பான்காரன் வந்ததும், வானொலி வைத்திருப்பவர்கள் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. வெளிநாட்டுச் செய்தி கேட்டவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். போனவர்கள் திரும்பவில்லை. என் கணவர் என்ன செய்தார் தெரியுமா? ஏற்கெனவே எங்களிடம் இருந்த சின்ன வானொலியைக் கொண்டுபோய் நல்ல பிள்ளையாக ஒப்படைத்துவிட்டு, துரையின் பெட்டியைப் பிரித்தார். தேக்குப் பலகை அடுப்புக்குப் போயிற்று. உள்ளே இருந்த இரும்புத் தட்டையும் வால்வுகளையும் தூக்கி என் அரிசிப் பெட்டிக்குள் வைத்தார். உள்பக்கம் தகரம் அடித்த பெட்டி அது. அரிசிதான் இல்லையே, மரவள்ளிக்கிழங்கைத்தானே தின்றுகொண்டிருந்தோம்.

வேலை முடிந்து சாயங்காலம் வந்ததும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்துவிடுவார். பேச்சு வெளியே கேட்காது, சரி. ஆனால் அந்த இரும்பு சும்மா இருக்குமா? சூடேறும்போது முதலில் ஒரு உறுமல். பிறகு தட்டு 'டிங்' என்று ஒரு தடவை முறுக்கிக்கொள்ளும். அணைத்த பிறகுதான் பெரிய கூத்து. டிக். டிக். கொஞ்சம் விட்டு இன்னொரு டிக். பெட்டியின் தகரமும் கூடச் சேர்ந்துகொள்ளும். ஓய்ந்தது என்று மூச்சு விடும்போது இன்னொன்று.

"தெருவுக்கே கேக்குதுங்க," என்பேன்.

"இரும்பு சூடானா விரியும், ஆறினா சுருங்கும். மூணாங் கிளாசோட நின்னவளுக்கு எங்க புரியப்போவுது?"

"தினம் சட்டியை எறக்கி வைக்கிறவ நான். எனக்குப் பாடம் எடுக்க வேணாம். சட்டி சத்தம் போட்டா எவனும் தலையை வெட்ட மாட்டான்."

சத்தத்தை மறைக்க உரலில் வெறும் உலக்கையைப் போட்டு இடிப்பேன். "நீ இடிக்கிற இடியில ஜப்பான்காரனே எந்திரிச்சு வந்துடுவான் லா," என்று சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காகவே உலக்கையை அவர் காலில் போடலாமா என்று இருக்கும்.

எனக்குப் பயம் ஜப்பான்காரனிடம் கூட இல்லை. அடுத்த வீட்டு அண்ணனிடம்தான். அவருக்குத் தெருக் காவல் வேலை கொடுத்து, கையில் பட்டை கட்டி விட்டிருந்தார்கள். யார் வீட்டில் என்ன இருக்கிறது என்று அவர் போய்ச் சொல்ல வேண்டும். சொல்லாமல் மறைத்தால் அவர் தலையும் போகும். கிள்ளான் பக்கம் தோட்டத்தில் இருந்த அவருடைய ஒரே மகனைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள்.

ஒரு சாயங்காலம் பெட்டியை அணைத்த கையோடு கதவு தட்டும் சத்தம். அந்த அண்ணன்தான். நேரே வந்து பலகையில் உட்கார்ந்தார்.

"ரேடியோ ஏதும் இருக்காப்பா? கேக்கச் சொல்லியிருக்காங்க."

"இருந்த ஒண்ணையும் அப்பவே குடுத்தாச்சுண்ணே," என்றார் என் கணவர்.

டிக்.

எனக்கு உயிர் போய்விட்டது. அந்த அண்ணனோ விரலால் பலகையைத் தட்டி, "கிருஷ்ணா, கிருஷ்ணா," என்றார். "பல்லியே சொல்லுது. அப்ப உண்மைதான்."

எழுந்து போவார் என்று பார்த்தேன். போகவில்லை. சமையலறைப் பக்கம் திரும்பி, "என் புள்ள வந்துருவானா?" என்று மெல்லக் கேட்டார். டிக். மறுபடி பலகையைத் தட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

அதோடு விட்டாரா? மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். சரியாகப் பெட்டி ஆறுகிற நேரத்துக்கு. "சண்டை முடியுமா? ரயில் பாதைக்குப் போனவங்க வருவாங்களா?" ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு தட்டு. என் கணவரும், "பல்லி நல்லாத்தான் சொல்லுதுண்ணே, பர்மா பக்கம் வெள்ளைக்காரன் முன்னேறுற மாதிரி எனக்குக் கனா வந்துச்சு," என்று அளப்பார். நான் உள்ளே நெருப்பை விழுங்கியவள் மாதிரி நிற்பேன். ஒரு நாள் எந்தத் திசைப் பல்லி என்று பலன் பார்க்க அந்த அண்ணன் எழுந்து வந்தால் என்ன ஆகும்?

"பொட்டிய இனி போட்டீங்கன்னா நானே தூக்கிக்கிட்டுப் போயி ஆத்துல எறிஞ்சிருவேன்," என்று கத்திவிட்டேன். சில நாள் என் கணவர் அதைத் தொடவில்லை.

அப்படி ஒரு நாள் அந்த அண்ணன் வந்தார். இவர் வேலையிலிருந்து இன்னும் வரவில்லை. வழக்கம் போல மகனைக் கேட்டார். சத்தமில்லை. இன்னொரு தடவை கேட்டார். என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, பல்லியப் பட்டினி போட்டுட்டியா?"

என் கண் தானாக அரிசிப் பெட்டிப் பக்கம் போனது.

"உத்தரத்துல இருந்து சொல்லுற பல்லிய எல்லா வீட்டுலயும் பாத்திருக்கேன். அரிசிப் பொட்டிக்குள்ள இருந்து சொல்லுற பல்லிய இந்த வீட்டுலதாம்மா பாக்குறேன். பொட்டியப் போடச் சொல்லு."

வந்தது பாருங்கள் எனக்குக் கோபம். "தெரிஞ்சுக்கிட்டா இத்தனை நாளும் உக்காந்திருந்தீங்க? பயந்து பயந்து நான் செத்தேனே! வாயத் தொறந்து சேதியக் கேட்டா என்ன?"

"கேட்டா பொட்டி இருக்குன்னு நீங்க சொல்லணும். சொன்னா நான் போயிச் சொல்லணும். பல்லின்னா யாரும் எதையும் சொன்னதா ஆகாது."

என் கணவர் வந்ததும் அவரைப் பிடித்துக்கொண்டேன். அண்ணனுக்குத் தெரியும் என்று அவருக்கு முதல் நாளே சந்தேகமாம். "நீ பயத்துல உளறிடுவேன்னுதான் சொல்லல," என்றார். உளறியது யார்? பர்மாக் கனவு கண்டது நானா?

சண்டை முடிந்த செய்தியையும் அந்தப் பெட்டிதான் முதலில் சொன்னது. அதற்குப் பிறகு சயாமிலிருந்து ஆட்கள் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். அந்த அண்ணன் ஒவ்வொரு ரயிலுக்கும் ஸ்டேஷனுக்குப் போனார். மகனோடு போன ஒருவன் வந்து, பையன் போகும்போதே பாதி வழியில் வாந்திபேதியில் போய்விட்டான் என்று சொன்னான்.

மறுநாள் சாயங்காலம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்து அதே பலகையில் உட்கார்ந்தார். எதுவும் கேட்கவில்லை. இப்போது ஒளிக்க வேண்டியதில்லை என்று மூடியைத் திறந்துவைத்துச் செய்தி கேட்டுக்கொண்டிருந்த என் கணவர், அவரைப் பார்த்ததும் அவசரமாக அணைத்தார்.

டிக்.

பழக்கத்தில் அண்ணனின் விரல் மேலே எழும்பியது. பலகையைத் தொடவில்லை. மடக்கிக்கொண்டார்.

டிக், என்றது மறுபடியும். எதையும் தெரிந்துகொள்ளாமல், கேட்ட கேள்விக்கெல்லாம் 'ஆமாம், ஆமாம்' என்று இத்தனை நாள் சொன்ன இரும்பு! நான் எழுந்து போய் அரிசிப் பெட்டியின் மூடியை ஓங்கி அறைந்தேன். உள்ளே ஏதோ வால்வு உடைந்தது. துரை வந்து கேட்டால் கேட்கட்டும்.