துருவனும் துருவியும் அலமேலுவே

ஞாயிற்றுக்கிழமை காலை புத்தூரில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது ஜாகிரிடமிருந்து போன் வந்தது. எங்கள் ஒலிப்பதிவுக் கூடத்தின் இன்ஜினியர் அவர். எப்போதும் "சார், ஒரு டவுட்டு" என்றுதான் ஆரம்பிப்பார். அன்று அப்படி ஆரம்பிக்கவில்லை. "அலமேலு மேடம் போயிட்டாங்க சார். குளிச்சிட்டு வந்து நாற்காலியில உக்காந்தாங்களாம். அவ்வளவுதான்" என்றார். எடுத்த முருங்கைக்காயைத் திரும்ப வைத்துவிட்டு ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறினேன். எதிர் சீட்டில் இரண்டு குழந்தைகள் அம்மாவின் போனில் அலமேலு குரல் கொடுத்த எங்கள் கார்ட்டூன் தொடரைத்தான் பார்த்துக்கொண்டு வந்தன. அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

உங்களில் சிலருக்கு அலமேலுவை இன்ஷூரன்ஸ் ஆபீஸ் கவுண்டரில் பார்த்த பழக்கம் இருக்கும். எங்களுக்கு அவர் துருவன். கிரகம் கிரகமாகப் போய்க் குப்பை அள்ளும் ஒரு ஓட்டைக் கப்பல். அதில் உடம்பெல்லாம் துருப்பிடித்த, வாய் ஓயாமல் தற்பெருமை பேசும் ரோபோதான் துருவன். புத்தூரில் ஒரு மாடி அறையில் உருவாகும் அனிமேஷன் காமெடி அது. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்துக்கொண்டே அதற்கு நான் வசனம் எழுதுகிறேன். துருவனுக்குக் குரல் தேடி விளம்பரம் கொடுத்தபோது ஒரு போன் வந்தது. "சொல்லுங்க சார்" என்றேன். "சார் இல்லை, மேடம். இந்தக் குரலைக் கேட்டு எல்லாரும் சார்னுதான் சொல்றா. அதனாலதான் போன் பண்ணினேன்" என்றார். மறுநாள் வந்து ஒரு வரி பேசினார். வெளியே காத்திருந்த ஆண்களை அனுப்பிவிட்டோம்.

தொடரின் மூன்றாம் வருடம் ஒரு எபிசோடு எழுதினேன். பெண் ரோபோக்களுக்கு மட்டும் இலவசமாக எண்ணெய் ஊற்றும் ஒரு கிரகத்தில் கப்பல் இறங்குகிறது. பெண்களுக்கு டிக்கெட் இல்லாத நம் டவுன் பஸ்ஸை நினைத்து எழுதியதுதான். எண்ணெய்க்கு ஆசைப்பட்டுத் துருவன் ஒரு மெக்கானிக்கிடம் போய்ப் பெண்ணாக மாறி, 'துருவி' என்று பெயர் வைத்துக்கொள்கிறான். உருவம் மாறிவிடுகிறது, குரல் மட்டும் கரகரவென்று அப்படியே இருக்கிறது. அதைக் கேட்டு மற்ற ரோபோக்கள் மயங்கி விழுவதாக எட்டு ஜோக் எழுதியிருந்தேன். அதைப் பேசப்போவது யார் என்று ஒரு நிமிடம்கூட நான் யோசிக்கவில்லை. இன்றைக்கும் அதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

அலமேலு தாள்களைப் படித்துவிட்டு என் மடியில் வைத்தார். கோபம் இல்லை. "இந்த எட்டையும் நீங்களே வாசிங்கோ சார். என் முகத்தைப் பார்த்து வாசிங்கோ" என்றார். முதல் இரண்டை அசட்டுச் சிரிப்போடு வாசித்துவிட்டேன். மூன்றாவது, 'இது பொண்ணா, இல்லை சைலன்சர் போன லாரியா?' என்பது. 'இது' என்பதற்கு மேல் எனக்கு வரவில்லை.

"என்னைப் பெண் பார்க்க வந்தவா, நான் 'வாங்கோ'ன்னு சொன்னதுமே சிரிச்சுட்டா. அடுத்த தடவை, 'வாயைத் திறக்காதேடி'ன்னா அம்மா. அப்படி ஒரு கல்யாணமே வேண்டாம்னுட்டேன்" என்றார், வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல. "எனக்கு ஜோக்கு பிடிக்கும் சார். துருவி எத்தனை ஜோக்கு வேணும்னாலும் சொல்லட்டும். அவ தொண்டையை ஜோக்கு ஆக்க வேண்டாம்."

மாடிப்படியில் உட்கார்ந்து எட்டையும் மாற்றி எழுதினேன். அதற்குள் தயாரிப்பாளர், துருவிக்கு மட்டும் இனிமையான குரலில் ஒரு பெண்ணைக் கூப்பிடலாம் என்றார். "தாராளமா கூப்பிடுங்கோ. அப்போ துருவனையும் அந்தப் பொண்ணே பேசட்டும். உடம்புதானே மாறித்து, ஆள் மாறலையே" என்றார் அலமேலு. தயாரிப்பாளர் என்னைப் பார்த்தார், ஜாகிரைப் பார்த்தார். "சரி, ஒரு டேக் போவோம்" என்றார்.

அடுத்து நடந்ததை எப்படிச் சொல்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அலமேலு பேசினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் பேசினாள். ஜாகிர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "குரலை ஏத்திட்டீங்களா மேடம்?" என்று கேட்டார். "இல்லையே." நம்பாமல் பழைய எபிசோடு ஒன்றையும் இதையும் மாற்றி மாற்றி ஓடவிட்டார். அதே கனம், அதே கரகரப்பு. ஆனாலும் அது பெண். நான் கை கட்டி நின்றிருந்தேன் என்பதே பிறகுதான் தெரிந்தது.

டீ குடிக்கும்போது அவரே சொன்னார். "துருவன் யாரையும் பார்க்காம பேசறவன். மத்தவா கேட்பாளோ மாட்டாளோன்னு அவனுக்குச் சந்தேகமே கிடையாது. துருவி பேசறதுக்கு முன்னாடி எதிர்ல இருக்கறவா முகத்தைப் பார்க்கறா. அரை நொடிதான். நான் ஆயுசு பூரா செய்யறது." எல்லா வரிக்கும் முன்னால் அந்த அரை நொடியை வைத்திருந்தார். கதை போகப் போக, துருவிக்குத் துணிச்சல் வர வர, அதைக் குறைத்துக்கொண்டே வந்து முக்கால்வாசியில் இல்லாமலே ஆக்கியிருந்தார். நான் எழுதாத ஒரு கதை என் வசனத்துக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்தது.

கடைசிக் காட்சியில் துருவன் மறுபடி ஆணாகி, பழையபடி பீற்றிக்கொள்ள வேண்டும். அதிலும் ஒரே ஒரு இடத்தில் அந்த இடைவெளி கேட்டது. "இங்க இடைவெளியை எடுக்க மறந்துட்டீங்களா?" என்றேன்.

"நான் மறக்கலை. அவன்தான் மறக்கலை" என்றார்.

அந்த எபிசோடு வெளியான பிறகு எல்லோரும் முக்கொம்பு அணைக்குப் போனோம். மதகுப் பக்கம் நின்று, "நாலு டீ, ஒண்ணுல சர்க்கரை வேண்டாம்" என்று அலமேலு சொன்னதுதான் தாமதம், பக்கத்தில் பட்டம் பிடித்துக்கொண்டிருந்த ஒரு சிறுமி திரும்பி, "அம்மா, துருவி!" என்று கத்தினாள். அம்மா கூட்டத்தில் யாரையோ தேடினாள். சிறுமி அலமேலுவையே பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பும் வழியெல்லாம் அலமேலு எங்களைக் கேட்டுக்கொண்டே வந்தார். "துருவின்னுதானே சொன்னா? துருவன்னு சொல்லலையே?" ஜாகிர் ஒவ்வொரு முறையும் அலுக்காமல், "துருவின்னுதான் மேடம்" என்றார்.

இந்த வருடக் கதையில் அலமேலு பேச வேண்டிய நான்கு காட்சிகள் பாக்கி இருக்கின்றன. பழைய பதிவுகளை வைத்துக் கம்ப்யூட்டரையே அவர் மாதிரி பேச வைத்துவிடலாம் என்றார் தயாரிப்பாளர். கேட்டுவிட்டுச் செய்யலாமென்று அலமேலுவின் அக்காவிடம் போனோம். "அவ பேசினது அவளோட இருக்கட்டும். பேசாததை நீங்க பேச வைக்காதீங்கோ" என்றார் அக்கா. தயாரிப்பாளர் எழுந்து கும்பிட்டார்.

நான்கு காட்சிகளையும் திரும்ப எழுதினேன். கப்பலில் எல்லோரும் பேசுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், சமாதானம் ஆகிறார்கள். துருவன் நடுவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறான். எல்லோருக்கும் நகல் கொடுத்துவிட்டு, என் கையால் எழுதிய தாள்களை மட்டும் நானே வைத்துக்கொண்டேன். 'துருவன்:' என்று போட்டு, எதிரே ஒன்றும் எழுதாமல் விட்ட இருபத்திரண்டு இடங்கள் அவற்றில் இருக்கின்றன. அலமேலு எனக்கு விட்டுப்போனது அவைதான்.