உலக்கையால் செத்த சிறுத்தை

பதுளை பஸ்ஸில் நனைந்த கம்பளியோடு ஒரு அம்மா ஏறியதும், இடிந்து தேயிலைக்குள் மறைந்துவிட்ட எங்கள் மடுல்சீமைத் தோட்டத்து லய வீடுகளின் மழைநாள் வாசம் வந்தது. அங்கே ஆறு வீட்டிலும் அடுப்போரம் கம்பளி காய, இந்தியாவிலிருந்து தோணியேறி, நடந்து வந்த அவரவர் பூட்டன் வழியில் சிறுத்தையைக் கொன்ற கதை ஓடும். சிறுத்தை ஒன்றுதான், கொன்றவர்கள் ஆறு பேர், எங்களவர் கையில் உலக்கை.

"நெசமாவாப்பா?" என்றேன் ஒருநாள்.

அப்பா கதவைச் சாத்தினார். "மரத்துல ஏறிட்டாரு. வெளிய சொல்லிறாத."

இப்போது பக்கத்திலிருந்த மகள் மூக்கைப் பொத்தினாள். "என்னம்மா நாத்தம்?"

எனக்குச் சுருக்கென்றது. "இதப் போத்திக்கிட்டுத்தான்டி நம்ம பூட்டன் சிறுத்தையக் கொன்னாரு!"

கம்பளி அம்மா திரும்பினார். "எங்க பூட்டனுந்தாங்க."