எனக்குக் கேட்ட ஒப்பாரி

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் அடுத்த வீடுதான் என் நாத்தனாருக்கு. என் மகன் கல்யாணப் பத்திரிகையில் அவள் பெயர் கடைசியில் வந்துவிட்டது என்று என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். வருசக்கணக்காகிவிட்டது. அவள் வாயால் ஒருமுறை "அண்ணி" என்று கேட்கமாட்டோமா என்று எனக்கு ஏக்கம்.

போன பள்ளி விடுமுறையில் மகன் எங்கள் இருவரையும் வேனில் ஏற்றி, மலைக்குக் கீழே இருக்கும் ஒரு விளையாட்டுப் பூங்காவுக்குக் கூட்டிப் போனான். அங்கே தண்ணீரில் சறுக்கி விழும் படகில் ஏறினோம். இறங்கும்போது ஈரத்தில் கால் வழுக்கி மல்லாந்து விழுந்தேன். அடி பெரிதாக இல்லை. ஆனால் சேலை முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது, சுற்றிலும் ஆம்பளைகள். வெட்கத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

அந்தப் பூங்காக்காரர்கள் மின்னல் மாதிரி வேலை செய்தார்கள். சுற்றிலும் பச்சைத் தட்டி வைத்தார்கள். பாட்டுச் சத்தத்தைக் கூட்டினார்கள். கரடி வேசம் போட்ட ஒருவர் தட்டிக்கு வெளியே குதித்து ஆடி, பிள்ளைகளை அந்தப் பக்கம் இழுத்துப் போனாராம். இதெல்லாம் மகன் பிறகு சொன்னான். யாரோ என் காலை மூட ஒரு வெள்ளைத் துணியைக் கழுத்துவரை இழுத்துவிட்டார்கள்.

வெள்ளைத் துணியைப் பார்த்ததும் நாத்தனார் நெஞ்சில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். செத்தவளைக் கூப்பிடாமல் ஒப்பாரி வைக்க முடியுமா?

"மழையில கொழுந்தெடுத்த மகராசி, என் அண்ணி
தண்ணிப் படகேறியா போய்ச் சேர்ந்த, என் அண்ணி"

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கண்ணை முழுக்கத் திறந்தால் நிறுத்திவிடுவாளே என்று அசையாமல் கிடந்தேன்.

சீருடை போட்ட நம்ம தமிழ்ப் பொம்பளை ஒருத்தி குனிந்து, "ஆன்ட்டி, கொஞ்சம் மெதுவா அழுங்க லா. வெளிய கியூவில நிக்கிறவங்க பயப்படுறாங்க" என்றாள்.

"உங்க வீட்டுல செத்தா மெதுவாவா அழுவீங்க?" என்று கேட்டுவிட்டு நாத்தனார் இன்னும் உரக்கப் பாடினாள்.

"என் கைக்கு வராத சம்பால் உன் கைக்கு வந்துச்சே"

நான் அரைக்கும் மிளகாய்ச் சம்பால்தான் ருசி என்று அவள் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. துணி குலுங்கியது. பாட்டு நின்றது.

"அண்ணி, உசுரோடவா இருக்க?"

"இருக்கேன். நீ பாடு."

என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். பிறகு என் கழுத்தைக் கட்டிக்கொண்டு நிஜமாகவே அழுதாள்.

டாக்டர் பார்த்து ஒன்றுமில்லை என்றார். எங்களைப் பின்வாசல் வழியாக வேனுக்கு அனுப்பினார்கள். குப்பைத் தொட்டிப் பக்கம் அந்தக் கரடி, தலையைக் கழற்றி வைத்துவிட்டு மீ கோரேங் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

மலை ஏறும் வளைவுகளில் எனக்கு எப்போதும் குமட்டும். அன்று ஒன்றும் தெரியவில்லை. விட்டுப்போன வருசங்களின் கதையை எல்லாம் அவள் சொல்லிக்கொண்டே வந்தாள், நான் உம் கொட்டிக்கொண்டே வந்தேன். நடுவில் ஒருமுறை அசந்து கண்ணை மூடிவிட்டேன்.

"கண்ணைத் திற அண்ணி," என்றாள். "இன்னொரு தரம் பாட எனக்குத் தொண்டை இல்ல."