கீழே இருப்பவருக்குத்தான் வழி

மாடிவீட்டுக்காரி பயந்துபோய்த் திரும்பிவிட்டாள் என்று இன்னொரு தடவை சொல்லட்டும், பார்க்கலாம். சொல்வது யார்? மாடிப்படிக்கு அடியில் மிஷின் போட்டுத் தைக்கிற தையல்காரி. பல்பு மாற்ற நாற்காலியில் ஏறச் சொன்னால் தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்துவிடுகிற ஆள். அவள் சொன்னதை எதிர்வீட்டுக்காரர் கேட்டு, அவர் பால் கடையில் சொல்லி, பால் கடைக்காரன் பஸ் நிறுத்தம் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டான். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது. சரி, பேசட்டும். ஆனால் உள்ளதைப் பேசட்டும்.

திரும்பினாள், அது உண்மை. அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, பாராசூட்டில் வந்தவள், இறங்க வேண்டிய மெத்தையை விட்டு விலகி, வேலியோரப் புல்லில் போய் இறங்கினாள். அணியின் கைக்கு வந்த பதக்கம் நழுவியது. அதுவும் உண்மை. ஆனால் பயத்தினால் என்று சொல்கிறார்களே, அது அவளை அறியாதவர்கள் பேச்சு.

அவளுக்கு ஆஸ்பத்திரித் துணி அறையில் வேலை. தரைக்குக் கீழே, ஜன்னலே இல்லாத நீளமான அறை. ஒரு பக்கம் புஸ்புஸ்ஸென்று மூச்சுவிடும் நீராவிப் பெட்டி, மறுபக்கம் தகரம் அடித்த மேஜை. ஆபரேஷனுக்குப் போகிற பச்சைத் துணிகளை அவள்தான் மடித்துக் கட்டுவாள். நுனியைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தால் துணி தானாக விரிய வேண்டும், உள்பக்கம் எதிலும் பட்டுவிடக் கூடாது. அந்த மடிப்பைப் பார்த்துத்தான் அவளுடைய நாத்தனார் ஒருநாள் கேட்டாள்.

நாத்தனார் என்றால் புருஷனின் தங்கை. தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிற வேலை, இவர்கள் வீட்டிலேயே வாசம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஊருக்கு வெளியே இருக்கும் பழைய விமானத் திடலுக்குப் போய், விமானத்திலிருந்து குதிக்கிற போட்டிக்குப் பழகுவாள்.

"அண்ணி, எங்க பாராசூட்டையும் நீயே மடிச்சுக் குடேன். உன் கை பட்டா நான் கண்ணை மூடிக்கிட்டுக் குதிப்பேன்."

"கண்ணைத் தொறந்துகிட்டே குதி. மூடிக்கிட்டுக் குதிக்கிறதுக்கு நான் பொறுப்பில்ல."

அப்படித்தான் போனாள். தகரக் கொட்டகை, தரையில் நீளத் தார்ப்பாய், அதன்மேல் முட்டி போட்டபடி காற்றை அமுக்கி வெளியேற்றி மடிக்கிற வேலை. அந்தத் திடலில் ஒரு வழக்கம் உண்டு. மடிக்கிறவர்கள் தாங்கள் மடித்ததைக் கட்டிக்கொண்டு ஒருமுறையாவது குதிக்க வேண்டும். அப்போதுதான் மடிப்பில் பொறுப்பு வருமாம். அணித் தலைவர் சாதாரணமாகத்தான் சொன்னார். இவளுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது.

"என் மடிப்புல பொறுப்பு இல்லன்னு சொல்றீங்களா?"

"அய்யோ, அப்படிச் சொல்லலம்மா."

"பையக் கட்டிவிடுங்க. போலாம்."

ரோஷத்தில் ஏறியவள், இறங்கும்போது வேறு ஆளாக இறங்கினாள். ராத்திரி சாப்பாட்டின்போது புருஷன் கேட்டான். சைக்கிள் கடைக்காரன், வாய் கொஞ்சம், காது அதிகம்.

"எப்படி இருந்துச்சு?"

"சத்தமே இல்ல," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அடுத்த ஞாயிறும் போனாள், அதற்கு அடுத்த ஞாயிறும் போனாள்.

இந்தப் போட்டியில் இரண்டு வித்தை. ஒன்று, பாராசூட்டை விரிப்பதற்கு முன்னால், விழுந்துகொண்டிருக்கும்போதே முழங்காலை நெஞ்சோடு சேர்த்துச் சுருண்டு, இடமாக ஒரு சுற்று, வலமாக ஒரு சுற்று, பின்பக்கமாக ஒரு கரணம், திரும்பவும் அதே மாதிரி. சீக்கிரம் முடிக்க வேண்டும், கோணாமலும் முடிக்க வேண்டும். கீழேயிருந்து பெரிய கேமராவில் படம் பிடிப்பார்கள், மறைக்க வழியில்லை. இன்னொன்று, பாராசூட் விரிந்த பிறகு, திடலின் நடுவில் இருக்கிற பெரிய மெத்தையில் வந்து இறங்குவது. மெத்தை நடுவில் காசளவு ஒரு மஞ்சள் வில்லை. உடம்பில் எந்த இடம் முதலில் படுகிறதோ அதுதான் கணக்கு. ஒரு காலை மடக்கி, மறுகாலின் குதிகாலை மட்டும் நீட்டி, வில்லையின் நடுவில் வைக்க வேண்டும். அங்கே பட்டால், எவ்வளவு விலகினார்கள் என்று காட்டும் பலகையில் பூஜ்யம் விழும். பள்ளிக்கூடத்தில் பூஜ்யம் வாங்கினால் திட்டு. அங்கே கைதட்டல்.

குதிகால் அவளுக்குப் பிறவியிலேயே வந்தது போல வந்தது. திடலில் அவளுக்கு 'குதிகால்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கரணம்தான் கழுத்தறுத்தது. துணி அறையில் அழுக்குத் துணி தள்ளுகிற வண்டி உண்டு. அதன்மேல் குப்புறப் படுத்து, காலைச் சுருட்டிக்கொண்டு, நடைக்கூடத்தில் தன்னைத்தானே சுற்றிப் பழகுவாள். ஒருநாள் வார்டு நர்ஸ் பார்த்துவிட்டாள்.

"என்னம்மா, வயித்து வலியா?"

"இல்ல சிஸ்டர். வலப்பக்கம் திரும்புறேன்."

"டாக்டரக் கூப்பிடவா?"

"வேணாம், அவருக்கு இது வராது."

இப்படிப் பழகிப் பழகி அணியில் இடம் பிடித்தவள். அவளையா பயந்தாங்கொள்ளி என்கிறார்கள்?

அன்று நடந்தது இதுதான். கடைசிச் சுற்று. ஒருவர் பின் ஒருவராக வெளியேறி, படிக்கட்டு மாதிரி வரிசையாக இறங்குவார்கள். அணித் தலைவர் முன்னால் இறங்கிவிட்டார். கடைசி இருவர் நாத்தனாரும் இவளும். நாத்தனார் கீழே, இவள் மேலே. நாத்தனாருக்கு எப்போதும் ஒரு பதற்றம். மெத்தை நெருங்கினால், வேகத்தைக் குறைக்கிற இரண்டு கைப்பிடியையும் முன்கூட்டியே இழுத்துவிடுவாள். அன்றும் இழுத்தாள். எதிர்க்காற்றும் வலுத்தது. நடுரோட்டில் நின்றுபோன பஸ் மாதிரி, மெத்தைக்கு முன்னால் அந்தரத்தில் அப்படியே நின்றுவிட்டாள். மேலே இவள், அதே பாதையில், வில்லைக்கு நேராகக் குதிகாலைக் குறிவைத்து வந்துகொண்டிருந்தாள். இன்னும் கொஞ்சம் வந்திருந்தால் நாத்தனாரின் பாராசூட் மேலேயே கால் வைத்திருப்பாள். துணி சுருங்கினால் கீழே இருப்பவள் கல் மாதிரி விழுவாள்.

அங்கே ஒரே சட்டம்தான். கீழே இருப்பவருக்குத்தான் வழி. இவள் வலது கைப்பிடியை இழுத்தாள், திரும்பினாள்.

ஒரு தப்பு மட்டும் செய்தாள். இப்படி வழிமறிக்கப்பட்டவர்கள் இரண்டு காலையும் அகல விரித்துக் காட்டினால், நடுவர்கள் இன்னொரு குதிப்புக் கொடுப்பார்கள். இவள் விரிக்கவில்லை. பழக்க தோஷம். புல்லில் இறங்கும்போதும் ஒரு காலை மடக்கி, ஒரு புல் கற்றையைக் குறிவைத்துக் குதிகாலை வைத்தாள். பார்த்தவர்களுக்கு அவளாக விரும்பி அங்கே போய் இறங்கின மாதிரி இருந்தது. அணித் தலைவரோ தன் பாராசூட்டை வாரிச் சுருட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது இவள் முதுகுதான் தெரிந்தது.

வெளிநாட்டுப் போட்டிக்கு அணியில் ஓர் இடம்தான் மிச்சம். "தைரியம் விட்டவங்கள நான் கூட்டிட்டுப் போக முடியாதும்மா," என்றார் தலைவர். இடம் நாத்தனாருக்குப் போனது. பக்கத்தில் நின்ற நாத்தனார் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். கட்டி முடித்த கயிற்றையே திரும்பக் கட்டினாள்.

புருஷன்தான் ராத்திரி மெதுவாகக் கேட்டான்.

"அவ வழியில நின்னதாலதான திரும்பின?"

"கீழ இருந்தா. திரும்பினேன்."

"அதச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்ல வேண்டியவ சொல்லட்டும். நான் எனக்கு வேண்டியத மட்டும் கேப்பேன்."

மறுநாளே தலைவரிடம் போய்க் கேட்டாள். இடம் கொடுங்கள் என்று கேட்கவில்லை, பரீட்சை வையுங்கள் என்று கேட்டாள். தலைவர் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். விஷயம் வீட்டுக்கு வந்ததும் நாத்தனார் பொரிந்தாள்.

"என் இடத்தப் பிடுங்கத்தான் பாக்குற, இல்லண்ணி?"

"பிடுங்கினா நீ கெட்டியாப் பிடிச்சுக்க. யார் வேணாம்னா?"

"அண்ணா, நீயே சொல்லு."

"நான் எந்தப் பக்கமும் இல்ல. நான் டீ போடறேன்," என்று அடுப்படிக்குள் புகுந்துகொண்டான் அவன்.

பரீட்சை நாள் வந்தது. கரணத்தில் நாத்தனார் ஓர் இமை நேரம் முந்தினாள். அதனால் எல்லாம் மெத்தையில்தான் என்று ஆயிற்று. இந்த முறை தலைவர் குதிக்கவில்லை, மெத்தையோரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். போட்டியில் போலவே ஒரே வரிசை. நாத்தனார் கீழே, இவள் மேலே.

மேலேயிருந்து வில்லை தெரிந்தது. காற்று நேராக இருந்தது, கை நிதானமாக இருந்தது. இப்படி ஓர் இறக்கம் அமைவது அபூர்வம் என்று அவளுக்கே தெரிந்தது. அப்போது கீழே நாத்தனாரின் இரண்டு கையும் சட்டென்று இடுப்புக்கு இறங்கின. சீக்கிரம், ரொம்பச் சீக்கிரம். பாராசூட் நின்றுபோயிற்று.

திரும்பினால், பயந்தவள் திரும்பவும் பயந்தாள் என்பார்கள். இடம் போகும். பக்கவாட்டில் உரசிக்கொண்டு போகவும் கொஞ்சம் சந்து இருக்கிற மாதிரித்தான் தெரிந்தது. சந்தில் நுழைவது சைக்கிளுக்குச் சரி. அவள் வலது கைப்பிடியை இழுத்தாள். பிறகு இரண்டு காலையும் எவ்வளவு விரிக்க முடியுமோ அவ்வளவு விரித்தாள். அகலக்கால் வைக்காதே, வைக்காதே என்று சொல்லி வளர்க்கப்பட்டவள், ஆகாயத்தில் அகலக்கால் வைத்துக்கொண்டு வேலியோரம் போய்ப் பொத்தென்று உட்கார்ந்தாள்.

தலைவர் ஓடிவந்தார். "போட்டியிலயும் இப்படித்தான் ஆச்சா?"

அவள் பட்டையைக் கழற்றிக்கொண்டே, "இன்னொரு குதிப்பு எனக்கு வரணும்," என்றாள்.

பதில் பின்னாலிருந்து வந்தது. "அன்னிக்கும் இதேதான்," என்றாள் நாத்தனார். முகம் வெளுத்திருந்தது. "நான்தான் நின்னேன். அவ திரும்பலன்னா நான் இன்னிக்கு இங்க இல்ல. தெரிஞ்சேதான் வாய மூடிக்கிட்டு இருந்தேன்."

தலைவர் விமான ஓட்டிக்குக் கையைக் காட்டினார். 'குதிகால்' எழுந்து, புல்லைத் தட்டிவிட்டு, விமானத்தைப் பார்த்து நடந்தாள். அந்தக் குதிப்பில் பலகையில் பூஜ்யம் விழுந்தது. அதைத் தையல்காரியிடம் யாரும் போய்ச் சொல்லவில்லை. நல்ல சேதிக்குக் கால் கிடையாது.

வெளிநாட்டுப் போட்டிக்குப் புறப்படுகிற நாள் காலையில் அவள் பெட்டியை வைத்துக்கொண்டு வாசலில் தயங்கினாள்.

"உன்ன விட்டுட்டுப் போக மனசு வரல," என்றாள் நாத்தனாரிடம்.

"இப்ப மனசப் பத்திப் பேசாதண்ணி, பஸ் போயிடும். அடுத்த வருஷம் அந்த இடத்த உங்கிட்டேருந்து வாங்கிக்கிறேன்."

"கைய அவசரமா இழுக்காம இருந்தா வாங்கிக்கலாம்."

"பாத்தியாண்ணா, போற நேரத்துலயும் குத்துறா."

புருஷன் பெட்டியைத் தூக்க வந்தான். அவள் விடவில்லை. படிக்கு அடியில் மிஷின் சத்தம் நின்றது. தையல்காரி கழுத்தை நீட்டினாள்.

"எங்க, ஆகாயத்துக்கா?"

"ஆகாயம் வழியாத்தான். வழிய விடு," என்றாள்.

தையல்காரி நாற்காலியை இழுத்துக்கொண்டாள். பாராசூட் பையை முதுகில் மாட்டிக்கொண்டு, பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, அவள் கதவைத் தாண்டித் தெருவில் இறங்கி நடந்தாள்.